சிவப்பு ஐசி வரும்வரை வேலைக்குப் போகலாமா? சுங்கை சிப்புட் வட்டாரக் குடும்பங்களுக்கான கேள்வி பதில்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வாழ வந்த மருமகள்கள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் நிறைய பேர் இருக்கிறார்கள். கணவருக்கு நீல ஐசி, அதாவது குடிமக்களுக்கான அடையாள அட்டை, மனைவி கையில் வெளிநாட்டுக் கடப்பிதழ். சிவப்பு ஐசி கிடைக்கும் நிரந்தர வசிப்பிடத் தகுதிக்கு, அதாவது பிஆருக்கு, மனு போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரு சம்பளத்தில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் கட்டுப்படியாகவில்லை. அதனால் வேலை பற்றிய கேள்வி எல்லா வீட்டிலும் எழுகிறது. கீழே உள்ள பதில்கள் தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்தும். சபா, சரவாக்கில் குடிநுழைவு விதிகள் வேறு.

பிஆர் மனு கொடுத்துவிட்டோம், ரசீதும் கையில் இருக்கிறது. அதை வைத்து வேலைக்குப் போகலாமா?

போகக் கூடாது. அந்த ரசீது நீங்கள் மனு கொடுத்ததற்கு மட்டுமே சாட்சி. நாட்டில் தங்கும் உரிமையோ வேலை செய்யும் உரிமையோ அதில் இல்லை.

இந்தக் குழப்பம் பெரும்பாலும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வருகிறது. கனடாவில் பிஆர் முடிவுக்குக் காத்திருக்கும் சில பிரிவினருக்கு இடைக்கால வேலை பெர்மிட் தனியாகவே இருக்கிறது. அமெரிக்காவிலும் கிரீன் கார்டு மனு நிலுவையில் இருக்கும்போது வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மலேசியாவில் பிஆர் மனுவோடு சேர்ந்து வரும் அப்படியொரு பெர்மிட் கிடையாது. இங்கே உங்களைக் காப்பது இரண்டு விஷயங்கள்: மலேசியரின் துணைக்கு நாட்டில் தங்கத் தரும், காலாவதியாகாத நீண்டகாலச் சமூக வருகை பாஸ், அந்தப் பாஸின் மேல் குடிநுழைவுத் துறை தரும் வேலை அனுமதி. பிஆர் மனு தனி வழியில் போகும், இவை தனி வழியில் போகும்.

என் பாஸில் வேலை அனுமதி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பாஸில் மூன்று இடங்களைப் பாருங்கள்: பாஸின் வகை, முடியும் தேதி, நிபந்தனை வரி. நிபந்தனை வரியில் எந்த வேலையும் செய்யக் கூடாது என்ற பொருளில் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால் அனுமதி இல்லை. அனுமதி கிடைத்தவர்களுக்கு அது கடப்பிதழில் குறிப்பாகவோ தனிக் கடிதமாகவோ இருக்கும். கடிதமாக இருந்தால் நகல் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனை நடக்கும்போது ‘வீட்டில் இருக்கிறது’ என்ற பதில் உங்களை லாரியில் ஏற்றுவதைத் தடுக்காது.

மலாய் வாசிக்கத் தெரியாவிட்டால் படம் எடுத்துப் பிள்ளையிடமோ தோட்ட எழுத்தரான கிராணியிடமோ காட்டிக் கேளுங்கள். ஊகித்துக்கொண்டு வேலையில் சேராதீர்கள்.

அனுமதிக்கு எப்படி விண்ணப்பிப்பது? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

முதலில் வேலை தர ஒரு முதலாளி, பிறகு அனுமதி, அதன் பிறகே வேலை. குறிப்பிட்ட முதலாளி, குறிப்பிட்ட வேலை என்றுதான் கேட்க வேண்டும். அதனால் எல்லாம் முதலாளியின் வேலைக் கடிதத்திலிருந்தே தொடங்குகிறது, பல மனுக்கள் தடுமாறுவதும் அங்கேதான். ‘இவரை வேலைக்கு எடுக்கிறோம்’ என்ற ஒரு வரி போதாது. நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் எஸ்எஸ்எம் (நிறுவன ஆணையம்) பதிவு எண், வேலையின் பெயர், வேலை செய்யும் இடத்தின் முகவரி, மாதச் சம்பளம், வேலை நேரம், கையொப்பமிடுபவரின் பெயரும் பதவியும், நிறுவனத்தின் சாப்பு (முத்திரை) எல்லாம் இருக்க வேண்டும். ‘குடிநுழைவுத் துறை அனுமதி கிடைத்த பிறகே வேலை தொடங்கும்’ என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். அது உங்களுக்கும் முதலாளிக்கும் பாதுகாப்பு. கடிதத்தில் கடந்துபோன தேதியில் வேலை தொடங்கியதாக இருந்தால், அனுமதியில்லாமல் வேலை செய்ததை நீங்களே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும்.

இதோடு கடப்பிதழின் அசலும், படம் உள்ள பக்கம், பாஸ் உள்ள பக்கம் இவற்றின் நகலும், திருமணச் சான்றிதழும், கணவரின் ஐசி நகலும், எதற்காக அனுமதி கேட்கிறீர்கள் என்ற விண்ணப்பக் கடிதமும் வேண்டும். பாஸ் நீட்டிப்பையும் சேர்த்துச் செய்தால் ஐஎம்எம்.55 பாரத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். கூடுதலாக என்ன கேட்பார்கள் என்பது கவுண்டருக்குக் கவுண்டர் மாறும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கணவரின் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வீட்டு மின்கட்டண பில் ஆகியவற்றையும் எடுத்துப் போனால் இன்னொரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஈப்போவுக்குப் பஸ் ஏற வேண்டியிருக்காது.

கணவர் கூட வர வேண்டும். பாஸின் ஸ்பான்சர் அவர்தான். தோட்டத்தில் முன்கூட்டியே லீவு எழுதிவிட்டு, அன்று முழுவதும் ஒதுக்கி வாருங்கள். அசலும் நகலும் தனித்தனி உறையில் இருக்கட்டும். மனு கொடுத்ததும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள கோப்பு எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள். பின்னால் விசாரிக்கப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

தாள்கள் எல்லாம் இருந்தும் மனு திரும்பி வருகிறதே, ஏன்?

நம்மவர்களுக்கு முதல் சிக்கல் பெயர். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் இந்தியக் கடப்பிதழில் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட்டிருப்பார்கள். பள்ளிச் சான்றிதழில் அதுவே இனிஷியலாக இருக்கும். இங்குள்ள திருமணச் சான்றிதழில் யாரோ கணவர் பெயரைச் சேர்த்திருப்பார்கள், அல்லது மலேசிய வழக்கப்படி ‘ஏ/பி’ (இன்னாரின் மகள்) நுழைந்திருக்கும். உங்களுக்கு ஒரே ஆள், கவுண்டரில் மூன்று ஆள். குடிநுழைவுத் துறைக்குக் கடப்பிதழில் உள்ள பெயர்தான் கணக்கு. வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு, சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புப் பதிவு எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து அதே பெயர் இருக்கட்டும். ஏற்கனவே வேறுபாடு இருந்தால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்ட கடிதத்தை இணையுங்கள். திருமணச் சான்றிதழிலேயே எழுத்துப் பிழை என்றால் தேசியப் பதிவுத் துறையில் திருத்திவிட்டு வருவதே நல்லது.

அடுத்தது கடப்பிதழின் ஆயுள். கடப்பிதழ் முடியும் நாளைத் தாண்டிப் பாஸ் தர மாட்டார்கள். 14 மாதமே மிச்சமுள்ள கடப்பிதழோடு ஐந்து வருடப் பாஸ் கேட்டால் கிடைப்பது ஒரு வருடம்தான். முதலில் தூதரகத்தில் புதுக் கடப்பிதழ் எடுங்கள். பாஸைப் புதியதற்கு மாற்றிய பிறகும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். பிஆருக்குக் கேட்கும் ஐந்து வருடம் தங்கியதற்கான முத்திரைகள் அதில்தான் இருக்கின்றன.

முதலாளியின் நிலையும் மனுவைத் தடுக்கும். எஸ்எஸ்எம் பதிவு காலாவதியான கடை, பதிவே இல்லாத சப்-காண்ட்ராக்டர், கடிதத்தில் ஒரு முகவரியும் வேலை நடப்பது வேறு இடத்திலும் இருப்பது, இவையெல்லாம் விசாரணையில் தெரிந்துவிடும்.

தோட்டத்தில் செம்பனை வேலைக்குப் போகலாமா? கங்காணி ‘பெர்மிட் கோட்டா இல்லை’ என்கிறார்.

அவர் சொல்வது வேறு பெர்மிட்டை. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து தோட்டத்துக்கு நேரடியாக எடுக்கும் ஆட்களுக்குத் தருவது பிஎல்கேஎஸ் எனும் தற்காலிக வேலை வருகை பாஸ். அதற்குத்தான் கோட்டா, லெவி (வெளிநாட்டுத் தொழிலாளர் வரி), ஃபொமேமா மருத்துவச் சோதனை எல்லாம். தீபகற்பத்தில் தோட்டத் துறை லெவி ஆண்டுக்கு 640 ரிங்கிட். மலேசியரின் மனைவியோ கணவரோ அந்த வழியில் போகத் தேவையில்லை. கையிலுள்ள வருகை பாஸை விட்டுவிட்டு பிஎல்கேஎஸ்ஸுக்கு மாறச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். குடும்பப் பாஸில் தங்கிய காலம்தான் பிஆருக்குக் கணக்காகும், பிஎல்கேஎஸ் காலம் ஆகாது.

தோட்ட நிர்வாகத்துக்கு இந்த வேறுபாடு பழக்கமில்லை என்றால், அனுமதிக் கடிதத்தின் நகலைக் கிராணியிடம் கொடுத்து மேலிடத்தில் காட்டச் சொல்லுங்கள். சப்-காண்ட்ராக்டரிடம் சேருவதானால் கவனம் தேவை. இன்று இந்தத் தோட்டம், நாளை இன்னொரு தோட்டம் என்று லாரியில் ஏற்றிப்போவார்கள். அனுமதியில் உள்ள வேலையிடத்தோடு அது பொருந்தாமல் போகும்.

வேலை மாறினால்?

புது முதலாளியின் கடிதத்தோடு மறுபடி அனுமதி கேட்க வேண்டும். பழைய அனுமதியை வைத்துக்கொண்டு புது இடத்தில் வேலை தொடங்கக் கூடாது. பகலில் தொழிற்சாலை, இரவில் சாப்பாட்டுக் கடை என்பதும் இதேதான்: இரண்டாவது வேலைக்கு அனுமதி இல்லை.

வீட்டிலிருந்தே தைப்பது, முறுக்கு சுட்டு விற்பது, டியூஷன் எடுப்பது?

காசு வாங்கினால் அது தொழில். அதற்கும் அனுமதி வேண்டும். எஸ்எஸ்எம்மில் தனிநபர் வியாபாரம் பதிவு செய்ய குடியுரிமையோ பிஆரோ இருக்க வேண்டும். அதனால் வருகை பாஸில் உள்ள மனைவி தன் பெயரில் பதிய முடியாது. கணவர் பெயரில் பதிந்து, அந்த வியாபாரத்தில் வேலை செய்ய மனைவிக்கு அனுமதி கேட்பதே பலர் எடுக்கும் நேர்வழி. அந்த மனுவில் கணவரே முதலாளி, ஆகவே வேலைக் கடிதமும் அவர் பெயரில் வரும்.

பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலும் ஒட்டுக்கடையிலும் இன்னொரு தடை உண்டு. கடை லைசென்ஸ் தருவது நகராண்மைக் கழகம். சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். லைசென்ஸ் கணவர் பெயரில் இருந்தாலும், வெளிநாட்டவர் கடையில் நின்று விற்கலாமா என்பதை லைசென்ஸ் நிபந்தனையில் பார்த்துக்கொள்ளுங்கள். குடிநுழைவுத் துறை ஒருபக்கம் அனுமதித்து, கழகம் மறுபக்கம் லைசென்ஸை ரத்து செய்தால் குடும்பமே தவிக்கும். பாலர் பள்ளியிலோ டியூஷன் நிலையத்திலோ பாடம் நடத்தக் கல்வித் துறையின் ஆசிரியர் அனுமதி தனியாக வேண்டும்.

சம்பளம், இபிஎஃப், சொக்சோ எல்லாம் எனக்கும் உண்டா?

உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் நாட்டினம் பார்ப்பதில்லை. 2025 ஆகஸ்ட் 1 முதல் எல்லா முதலாளிகளுக்கும் மாதம் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் 8.17 ரிங்கிட். வாரம் ஆறு நாள் வேலை செய்யும் தினக்கூலிக்கு நாளுக்கு 65.38 ரிங்கிட். குலைக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் இடத்திலும் இந்தச் சட்டம் பொருந்தும். ‘நீ வெளிநாட்டு ஆள், உனக்கு 1,200 போதும்’ என்று சொன்னால் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். கையில் சம்பளச் சீட்டு இருக்க வேண்டும். அதைத் தருவது முதலாளியின் கடமை, சலுகை அல்ல.

இபிஎஃப் எனும் தொழிலாளர் சேமநிதியில் 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து, வேலைக்கு அனுமதி உள்ள வெளிநாட்டவருக்கும் பிடித்தம் கட்டாயம்: தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. வீட்டுப் பணியாளர்களுக்கு மட்டும் இது இல்லை. சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 2019 ஜனவரி முதல் சேர்க்கப்பட்டார்கள், உடற்குறைத் திட்டத்தில் 2024 ஜூலை முதல். செம்பனை முள் கண்ணில் பட்டாலும், வேலைக்குப் போகும் வழியில் மோட்டாரில் விழுந்தாலும் முதலாளியிடம் அன்றே சொல்லுங்கள். விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டியது அவர். வேலை இழந்தவருக்கான காப்புறுதித் திட்டம் மட்டும் குடிமக்களுக்கும் பிஆர்காரர்களுக்கும்தான்.

வருமான வரியில் ஒன்றைக் கவனியுங்கள். ஓர் ஆண்டில் 182 நாள் இந்நாட்டில் இருந்தால் வரிக்கு நீங்கள் இந்நாட்டு வாசி, மற்றவர்களைப் போலவே கணக்கு. அதற்குக் குறைவாக இருந்தால் 30 விழுக்காடு நேராகப் பிடிக்க வாய்ப்புண்டு. ஆண்டுக் கடைசியில் வந்து வேலையில் சேர்ந்தவர்கள் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துப் பதறுவது இதனால்தான்.

பாஸ் அடுத்த மாதம் முடிகிறது. பிஆர் பதில் எப்படியும் வந்துவிடும் என்று விட்டுவிடலாமா?

ஒரு நாள்கூட விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பாஸ் முடிந்தால் அதன் மேலிருந்த வேலை அனுமதியும் முடிந்தது. தாண்டித் தங்குவது குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி குற்றம், அபராதம் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாமல், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பிஆருக்குக் கேட்கும் ‘தொடர்ச்சியான’ ஐந்து ஆண்டும் அத்தோடு அறுந்துபோகலாம்.

முடிவதற்கு மூன்று மாதம் முன்பே நீட்டிப்புக்கான ஏற்பாட்டைத் தொடங்குங்கள். முதல் வாரம் கடப்பிதழைப் பாருங்கள், பிறகு முதலாளியிடம் புதுத் தேதியிட்ட கடிதம் வாங்குங்கள், பிறகு கணவரின் லீவு. பர்சனல் பாண்ட் (உத்தரவாதப் பத்திரம்) பாரம் கேட்டால் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் 10 ரிங்கிட் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கும் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நீட்டிக்கும்போது வேலை அனுமதியையும் சேர்த்து நீட்டிக்கச் சொல்லிக் கேளுங்கள். பாஸ் நீண்டுவிட்டது, அனுமதி நீளவில்லை என்பது அடிக்கடி நடக்கும் விபரீதம்.

ஏதோ காரணத்தால் அவகாசம் தேவைப்பட்டால் சிறப்புப் பாஸ் தருவார்கள். கட்டணம் 100 ரிங்கிட், அதிகம் போனால் ஒரு மாதம். ஊருக்குக் கிளம்பவோ தாள்களைச் சரிசெய்யவோதான் அது. அந்த ஒரு மாதம் வேலைக்குப் போகக் கூடாது.

பிஆருக்கு எப்போது மனு போடலாம்?

மலேசியரின் மனைவியோ கணவரோ நீண்டகாலச் சமூக வருகை பாஸில் ஐந்து ஆண்டு தொடர்ந்து தங்கிய பிறகு. முடிவு வர இத்தனை மாதம் என்று சட்டத்தில் கெடு இல்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. முகவரியோ போன் நம்பரோ மாறினால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். தோட்ட லயத்திலிருந்து தாமானுக்கு வீடு மாறி, நேர்முகக் கடிதம் பழைய லயத்துக்கே போய்க் கிடந்த குடும்பங்கள் இருக்கின்றன.

கோயிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை. பாஸ் கிடைக்குமா?

கிடைக்காது. 1982 மார்ச் 1 முதல், முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி பதிவானால்தான் சட்டத்தில் திருமணம். பதிவு அதிகாரியாக நியமனம் பெற்றவர் உள்ள கோயிலில் செய்தால் அங்கேயே பதிவாகும். மற்ற கோயில்களில் ஐயர் தரும் சான்று தேசியப் பதிவுத் துறைக்குப் போதாது.

பாஸ் மட்டுமில்லை, பிள்ளைகளின் தலைவிதியும் இதில் இருக்கிறது. பதிவில்லாமல் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயின் நிலையை வைத்தே பார்க்கப்படும். அப்பா நீல ஐசி வைத்திருந்தும் பிள்ளை குடியுரிமை இல்லாமல் பள்ளி வாசலில் நிற்பது இதனால்தான். பிள்ளை பிறக்கும் முன் பதிவு செய்யுங்கள்.

வெளிநாட்டுப் பெண் தன் தூதரகத்திலிருந்து திருமணமாகாதவர் என்ற சான்று கொண்டுவர வேண்டும். பதிவு அறிவிப்பு 21 நாள் ஒட்டப்படும். அந்த நாட்களுக்குள் வருகை பாஸ் முடிந்துவிடாதபடி கணக்குப் போட்டு வாருங்கள். தமிழ்நாட்டிலேயே திருமணம் முடித்தவர்கள் அங்கே பதிந்த சான்றிதழோடு ஆறு மாதத்துக்குள் மலேசியத் தரப்பிலும் பதிய வேண்டும்.

உள்ளூர்ப் பெண் வெளிநாட்டு ஆணை மணந்தால்?

அவருக்கும் இதே பாஸ், இதே வேலை அனுமதி, ஐந்து ஆண்டுக்குப் பிறகு பிஆர் மனு. குடியுரிமை வழிதான் வேறு: வெளிநாட்டு மனைவிக்கு உள்ள தனி விதி வெளிநாட்டுக் கணவருக்கு இல்லை. அவர் பிஎல்கேஎஸ்ஸில் வந்த தொழிலாளி என்றால் முதலில் நிதானியுங்கள். பிஎல்கேஎஸ் காலத்தில் திருமணம் செய்யக் கூடாது என்பது அந்தப் பாஸின் நிபந்தனை. அதை முறையாக முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி, பிறகு கணவராக வருவதே சிக்கலில்லாத வழி.

கணவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். பாஸை ரத்து செய்துவிடுவேன் என்று மிரட்டுகிறார்.

கடப்பிதழும் திருமணச் சான்றிதழும் உங்கள் கையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் படம் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அடி உதை இருந்தால் போலீஸ் புகார் கட்டாயம். அந்தப் புகாரின் நகல் குடிநுழைவுத் துறையில் உங்கள் நிலையை விளக்க உதவும். தாலியான் காசே எனும் அரசு உதவித் தொலைபேசியின் 15999 எண்ணில் 24 மணி நேரமும் உதவி கேட்கலாம். கணவர் இறந்துவிட்டால் பாஸ் முடியும்வரை காத்திராமல் இறப்புச் சான்றிதழோடு போய்க் கேளுங்கள். பிள்ளைகளோடு இருக்கும் விதவைகளுக்கு ரெசிடென்ஸ் பாஸ் என்ற வழி இருக்கிறது.

அனுமதி இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால்?

செல்லுபடியாகும் பாஸ் இருந்து நிபந்தனையை மட்டும் மீறியிருந்தால், குடிநுழைவு விதி 39(பி)யின் கீழ் 1,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தொகை சிறிதாகத் தெரியலாம். ஆனால் பாஸ் ரத்தானால் பிஆர் கனவும் அங்கேயே நின்றுவிடும். பாஸே இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்த முதலாளிக்கு குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவில் ஒரு ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லும் முதலாளியிடம் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

ஏஜெண்ட் மூன்று மாதத்தில் சிவப்பு ஐசி எடுத்துத் தருகிறேன் என்கிறார்.

கொடுக்காதீர்கள், பணத்தையும் சரி, அசல் கடப்பிதழையும் சரி. இந்த மனுக்களைத் தம்பதியே நேரில் கொடுக்க முடியும். பாரம் நிரப்ப உதவி வேண்டுமானால் நிரப்புவதற்கு மட்டும் கூலி கொடுங்கள். போலி முத்திரை உள்ள கடப்பிதழோடு பிடிபடும்போது ஏஜெண்ட் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

எங்கள் பாட்டியிடம் பல வருடமாகச் சிவப்பு ஐசி, மாமாவிடம் பச்சை ஐசி. அவர்களுக்கும் இந்த அனுமதி வேண்டுமா?

பாட்டிக்கு வேண்டாம், அவர் ஏற்கனவே நிரந்தரவாசி. மாமாவின் பச்சை அட்டை மைகாஸ் எனும் தற்காலிக வசிப்பாளர் அட்டை, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது. அது தேசியப் பதிவுத் துறை சார்ந்த விஷயம். இங்கே பிறந்து வளர்ந்தும் தாள் இல்லாததால் அந்த அட்டையோடு நிற்பவர்களுக்கு வேண்டியது குடியுரிமை மனு.

பிஆர் கிடைத்தவுடன் என்ன செய்ய வேண்டும்?

ஒப்புதல் கடிதம் வந்ததும் குடிநுழைவுத் துறையில் நுழைவு பெர்மிட்டைப் பெற்று, அதோடு தேசியப் பதிவுத் துறையில் சிவப்பு ஐசிக்கு, அதாவது மைபிஆருக்கு, மனு போட வேண்டும். அட்டை கைக்கு வந்ததும் நகலை முதலாளியிடம் கொடுங்கள். இனி வேலைக்குத் தனி அனுமதி தேவையில்லை. வேலையும் விருப்பம்போல் மாறலாம். இபிஎஃப் பிடித்தமும் மாறும்: 60 வயதுக்குக் கீழ் என்றால் உங்கள் பங்கு 11 விழுக்காடு, 5,000 ரிங்கிட் வரை சம்பளத்துக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு. வேலை இழப்புக் காப்புறுதியிலும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த மாதச் சம்பளச் சீட்டில் இவை மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள், மாறாவிட்டால் கிராணியிடம் உடனே கேளுங்கள். கடப்பிதழ் இன்னும் உங்கள் பிறந்த நாட்டினுடையதுதான் என்பதால், அம்மா அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போகும்முன் மறுநுழைவு பெர்மிட் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.